எந்தக் கிராமம்?

காலை வேளையில் கோயம்புத்தூர் சந்திப்பில் நின்றால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் பயணிகள் வண்டி வந்து நிற்பதைப் பார்க்கலாம். வங்கி ஊழியர்கள், துணிக்கடைப் பெண்கள், செவிலியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் இறங்கி, ஐந்து நிமிடத்தில் ஊருக்குள் கரைந்துவிடும். சாயங்காலம் அதே கூட்டம் அதே நடைமேடையில் கூடும். மொழி மாறும், மாநிலம் மாறும். சாப்பாட்டுப் பையும் மாதாந்திரச் சீட்டும் மாறுவதில்லை. நான் அவர்களுக்கு எதிர்த்திசையில், மேற்கே போகிற வண்டியில் ஏறினேன். கல்பாத்திக்குப் போக வேண்டும்.

மதுக்கரை தாண்டியதும் வண்டி வேகத்தைக் குறைக்கிறது. யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காடு அது. வடக்கே நீலகிரிக் கூட்டத்தின் சரிவு, தெற்கே ஆனைமலை. குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலை, இந்த ஓரிடத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கணவாய் என்றதும் இரு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கைக் கற்பனை செய்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். வாளையாறு தாண்டினால் சமவெளிதான்: பனைமரம், நெல்வயல், கஞ்சிக்கோட்டின் ஆலைகளும் காற்றாலைகளும். மலை எங்கோ தள்ளி நீல நிறத்தில் நிற்கும்.

ஆனால் அந்தத் திறப்பின் வழியாகத்தான் எல்லாமே நடந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் ஈரம் கோவைக்கு எட்டுவது இதன் வழியே. கார்த்திகை முதல் மாசி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று சுழன்றடிப்பதும் இதன் வழியே. அந்த மாதங்களில் பாலக்காட்டில் துணி காயப்போட்டால் கிளிப் போடாமல் முடியாது. ரோமானியக் காசு வந்த வழி இது. படைகள் வந்த வழியும் இதுதான். ஹைதர் அலி 1766-ல் பாலக்காட்டில் கோட்டை கட்டியது இந்த வாசலைக் காக்கத்தான். 1862 வாக்கில் சென்னையையும் மேற்குக் கரையின் பேப்பூரையும் இருப்புப்பாதை இணைத்தபோதும், மலையைக் குடையாமல் இந்த வழியாகவே போய்விட முடிந்தது.

பாலக்காடு சந்திப்பு என்று பலகையில் எழுதியிருக்கும் நிலையத்துக்குப் பழைய பெயர் ஒலவக்கோடு. வயதானவர்கள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்தில் பாலம். பாலத்துக்குக் கீழே கல்பாத்திப் புழை. பாறைகள் துருத்திக்கொண்டிருக்கும் மெலிந்த ஆறு. மலம்புழை, வாளையாறு, கோரையாறு, வரட்டாறு என்ற நான்கு ஓடைகளின் நீர் சேர்ந்து இதுவாகி, மேற்கே போய்ப் பாரதப்புழையில் விழுகிறது. மலம்புழை அணையை 1955-ல் திறந்துவைத்தவர் காமராஜர். அப்போது பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் கேரளத்துக்குப் போயிற்று. இந்த ஊர்க்காரர்களுக்குச் சென்னை தலைநகராக இருந்த காலம் ஒன்றரை நூற்றாண்டு என்பதை மறந்துவிட்டால் இவர்களுடைய கதை புரியாது.

ஆற்றைக் கடந்து வலமும் இடமும் திரும்பினால் திடீரென்று தஞ்சாவூர் ஜில்லா. நேரான தெரு. இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை, கிணறு என்று நூல் பிடித்தாற்போல் பின்னோக்கி ஓடும் வீடுகள். முன்வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வழியாக வெளிச்சம் தெரியும். தெரு முடிவில் கோயில். வாசலில் கோலம். கேரளத்து வீடு தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமானால் குரலெடுத்துக் கத்த வேண்டும். இங்கே பக்கத்து வீட்டு மிளகுகூட்டல் தாளிக்கும் வாசனையை வைத்தே அங்கே என்ன சமையல் என்று சொல்லிவிடலாம். ஒட்டிக் கட்டிய வீடு ஒட்டி வாழ்வதற்கான ஏற்பாடு. அந்நிய தேசத்தில் வந்து இறங்கியவர்கள் கட்டியது அது.

இப்படிப்பட்ட குடியிருப்புக்குத் தமிழ்நாட்டில் அக்ரகாரம் என்று பெயர். பாலக்காட்டில் இதைக் ‘கிராமம்’ என்கிறார்கள். ஒரு பாலக்காட்டு ஐயர் இன்னொருவரைப் பம்பாயிலோ நியூ ஜெர்சியிலோ சந்தித்தால் முதல் கேள்வி ‘எந்தக் கிராமம்?’ என்பதுதான். ஊராட்சியின் பெயரைச் சொன்னால் பதிலாகாது. நூரணி, திருநெல்லாயி, லக்கிடி, கல்பாத்தி என்று தெருவைச் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் இப்படி நூறை நெருங்கும் கிராமங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். கல்பாத்தி என்ற ஒற்றைப் பெயருக்குள்ளேயே நான்கு உண்டு: பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம்.

அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். புதிய கல்பாத்தியில் ஒரு திண்ணையோரம் நிழலுக்கு ஒதுங்கியபோது உள்ளேயிருந்து ஒரு மாமி எட்டிப் பார்த்தார்.

“எங்கேந்து வரேள்? எந்த கிராமம்?”

“கிராமம் எல்லாம் இல்ல மாமி. ஈரோடு பக்கம். ஊர் பாக்க வந்தேன்.”

“அப்போ உள்ளே வாங்கோ. வெயில்லே நிக்கண்டா. ஜலம் குடிச்சுட்டுப் போங்கோ.”

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எட்டுப் பேர் தாராளமாக வாழலாம் என்கிற வீட்டில் தனியாக இருக்கிறார். கூடத்துச் சுவரில் மூன்று தலைமுறைப் புகைப்படங்கள். மாமனார் பம்பாயில் ஒரு கம்பெனியில் சுருக்கெழுத்தர். கணவர் டில்லியில் மத்திய அரசுப் பணி. “மூத்தவன் பம்பாயிலே. எளையவன் அமெரிக்காவிலேயாக்கும். தேருக்கு எல்லாரும் வருவா. அந்த மூணு நாள் ஆத்திலே கெடக்க எடம் காணாது. பின்னே இந்தத் தெருவிலே பாதி கதவு அடைச்சுத்தான் கெடக்கும்.” அந்தத் தமிழைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய காவிரிக் கரைப் பேச்சும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் இடிக்காமல் உட்கார்ந்திருக்கின்றன.

இவர்கள் ஏன் வந்தார்கள்? தஞ்சைப் பக்கத்துப் பஞ்சம் என்பது ஒரு கதை. படையெடுப்புக் காலத்தின் கலக்கம் என்பது இன்னொன்று. பாலக்காட்டு அரசர் ஒருவர் மலைக்குடிப் பெண்ணை மணந்ததால் நம்பூதிரிகள் கோயில் பூசைக்கு வர மறுத்தார்கள், அதனால் அரசர் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து அந்தணரை வரவழைத்தார் என்பது இங்கே அதிகம் சொல்லப்படும் கதை. ஒரே நாளில் நடந்த குடியேற்றமாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஒருவர் வந்து, பிழைத்து, ஊருக்குச் சொல்லியனுப்பி, பத்துப் பேர் வருவதுதான் எல்லாக் குடியேற்றங்களின் வழக்கம். பிற்காலத்தில் இவர்கள் பம்பாய் மாதுங்காவை நிறைத்ததும் அதே முறையில்தான்.

ஆண்டு என்று ஒன்று கிடைப்பது விசுவநாதர் கோயிலில். 1425-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. கோயில் முன்னே ஒரு கல், அதில் எழுத்து. மாயவரத்திலிருந்து வந்த லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கத்தை இங்கே வைத்து, 1,320 பொன் காசுகளை அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் கொடுத்துக் கோயில் எழுப்பச் சொன்னார் என்கிறது தலவரலாறு. தெருமட்டத்திலிருந்து படி இறங்கித்தான் கோயிலுக்குப் போக வேண்டும், அங்கிருந்து மேலும் படிகள் ஆற்றுக்குள் இறங்கும். பள்ளத்தில் இருப்பதால் குண்டம்பலம் என்றும் பெயர். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்ற வழக்கு அந்தப் படித்துறையைப் பார்த்தால் விளங்கும். ஒரு பெண், அதுவும் கணவனை இழந்த பெண், ஓர் ஊரின் தொடக்கமாக நினைக்கப்படுகிறார். அதே சமூகம் அடுத்த ஐந்நூறு ஆண்டுகளுக்கு விதவைகளை எப்படி நடத்தியது என்பதையும் சேர்த்து நினைக்காமல் அந்தப் படியில் என்னால் உட்கார முடியவில்லை.

வந்தவர்களுக்குச் செல்வம் நெல்லில் இருந்தது. பாலக்காடு மலபாரின் நெற்களஞ்சியம். இவர்கள் நிலம் பிடித்தார்கள், குத்தகைக்கு விட்டார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள், வாணிகம் செய்தார்கள். மலையாளிகள் இவர்களைப் பட்டர் என்றார்கள். சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் வேறு ஆட்கள். தெருவின் அழகைப் பேசும்போது அந்த நெல்லை விளைவித்த கைகளை விட்டுவிட்டுப் பேசுவது சரியல்ல.

பின்னர் ரயில் வந்தது. 1866-ல் தொடங்கிய ஒரு பள்ளி பிற்பாடு விக்டோரியா கல்லூரியாக வளர்ந்தது. ஆங்கிலம், தட்டச்சு, சுருக்கெழுத்து. கிராமத்துப் பையன் பதினெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஒலவக்கோட்டில் ஏறினான். சென்னைக்கு, பம்பாய்க்கு, டில்லிக்கு, கல்கத்தாவுக்கு. அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து இந்தியத் தேர்தலையே வேறாக்கிய டி.என்.சேஷன் வந்தார். அவர் திருநெல்லாயிக் கிராமத்துப் பிள்ளை. மிருதங்கத்துக்கு இன்றுவரை அளவுகோலாக இருக்கும் பாலக்காடு மணி ஐயர் பாடம் தொடங்கியது சாத்தபுரம் சுப்பையரிடம். பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் போனார். ஊர்ப்பெயரை முன்னொட்டாகத் தாங்கியபடி உலகம் சுற்றிய கலைஞர்கள் இங்கே எத்தனை பேர்! முன்னோர் காவிரிக் கரையை விட்டு இந்தக் கணவாயைக் கடந்து வந்தார்கள், கொள்ளுப்பேரன் வித்தையைத் தேடி அதே கணவாயைக் கடந்து காவிரிக் கரைக்குப் போனான்.

நிலம் போனது அதற்குப் பிறகு. கேரளத்தின் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. உழுதவருக்கு நிலம் சேர்ந்தது. குத்தகை நெல்லை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு தணிந்தது. அதைப் பற்றி ஒரு பெரியவர் என்னிடம் இன்றும் கசப்போடு பேசினார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது, அந்தச் சட்டம் நியாயமானது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கல்பாத்தி அதில் அழிந்துவிடவில்லை என்பதற்குக் காரணம் டிரங்குப் பெட்டிகள்தான். நெல்லின் இடத்தை மணியார்டர் எடுத்துக்கொண்டது.

லண்டனைச் சுற்றியுள்ள சர்ரே போன்ற பகுதிகளின் கிராமங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். ரயில் வந்ததும் நகரத்தில் சம்பாதிக்கும் பணக்காரர்கள் அங்கே வீடு வாங்கினார்கள். காலையில் போய் மாலையில் திரும்பினார்கள். பழைய சர்ச்சும் கல் வீடுகளும் கெடாமல் இருக்க 1967-ல் ஒரு சட்டம் வந்து, முழுத் தெருக்களையே பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்க வழிசெய்தது. கல்பாத்தியும் பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, இங்கேயும் முகப்பை மாற்றக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் போக்கு நேரெதிர். அங்கே வெளியார் பணத்தோடு உள்ளே வந்தார்கள். இங்கே உள்ளூரார் வெளியே போய்ப் பணம் அனுப்பினார்கள். அங்கே மாலை ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். இங்கே திரும்புவதற்கு ஒரு வருடம் ஆகிறது.

அந்தத் திரும்புதலைப் பார்க்கவே ஐப்பசிக் கடைசியில் மறுபடியும் போனேன். கல்பாத்தித் தேர் மூன்று நாள். விசுவநாதர் கோயிலிலிருந்து சிவன், கணபதி, சுப்பிரமணியர் என மூன்று தேர்கள். புதிய கல்பாத்தி, சாத்தபுரம் கணபதிகளுக்கு ஒவ்வொன்று, பழைய கல்பாத்திப் பெருமாளுக்கு ஒன்று. முன்னால் மனிதர்கள் வடம் பிடிக்க, பின்னால் யானை நெற்றியால் முட்டித் தள்ளுகிறது. அடைத்துக் கிடந்த கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. திண்ணைகளில் அமெரிக்க உச்சரிப்பில் பேசும் பேரப்பிள்ளைகள். தெருவோரம் வளையல் கடை, பொரிக் கடை, அப்பளமும் கொண்டாட்டமும் விற்கும் கடை. கொண்டாட்டம் என்றால் இங்கே வற்றல். மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் தேர்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் தேவரத சங்கமத்தின்போது தோள் இடிக்காமல் நிற்க முடியாது. எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் குடும்பம், குழந்தை தகப்பன் தோளில். பக்கத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் விவசாயிகள். பாலக்காடு முழுவதும் அந்தத் தெருவில் நின்றது.

நூறு வருஷத்துக்கு முன் அப்படி நிற்க முடியாது. நான் இந்தப் பயணத்தை எழுத நினைத்ததற்கே இதுதான் காரணம்.

1924-ல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எதையும் எந்தச் சாதியாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்ததால் கல்பாத்தித் தெருவுக்கும் அது பொருந்தும். அந்த நவம்பரில் தேர்த் திருவிழாவின்போது, தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டிருந்த ஈழவச் சாதியார் தெருவுக்குள் வந்தார்கள். அடித்துத் துரத்தப்பட்டார்கள். இது பொதுத்தெருவா, அக்ரகாரத்தின் சொந்தத் தெருவா என்ற வழக்காடல் கிளம்பியது. மதம் மாறிய ஒருவர் நடக்கலாம் என்றால் மாறாதவர் ஏன் நடக்கக் கூடாது என்ற கேள்வி எழுந்தது. ஈழவர்களில் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து அந்தக் கேள்வியைத் தெருவிலேயே கேட்டார்கள். தெற்கே வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே மாதங்கள் அவை. வைக்கம் எல்லோருக்கும் தெரியும். கல்பாத்தி எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்பாத்திக்கு அருகே ஜைனிமேடு என்ற இடத்தில் கருங்கல்லால் ஆன ஒரு பழைய ஜைனக் கோயில் இருக்கிறது. அந்த ஜைனிமேட்டில் தங்கியிருந்தபோதுதான் குமாரன் ஆசான் 1907-ல் ‘வீணபூவு’ எழுதினார். உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவைப் பார்த்து எழுதிய அந்தக் காவியத்திலிருந்துதான் நவீன மலையாளக் கவிதை தொடங்குகிறது என்பார்கள். ஆசான் ஈழவர். அவர் கவிதை எழுதிய இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவருக்கு நடக்க உரிமையில்லாத தெரு இருந்தது. 1924 ஜனவரியில் படகு விபத்தில் அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில்தான் தேர்த்தெருவில் அடிதடி. ஜைனக் கோயிலின் நிழலில் உட்கார்ந்து இந்த இரண்டு மாதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு நெடுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கோயிலுக்குள் நுழையும் உரிமை சென்னை மாகாணத்தின் 1947 சட்டத்தோடு வந்தது. இன்று யாரும் யாரையும் தடுப்பதில்லை. தேர் வடத்தைப் பிடிக்கும் கைகளில் எல்லாக் கைகளும் உண்டு. கல்பாத்தியை நான் நேசிப்பது இந்த மாற்றத்தையும் சேர்த்துத்தான். அதன் சங்கீதம், அதன் கலப்புத் தமிழ், திண்ணைக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் அதன் கை எல்லாம் அருமையானவை. ஓடு மாற்றிக் காங்கிரீட் போடக் கூடாது, மரத்தூணைப் பிடுங்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதும் நல்லதே. வயதானவர்கள் மட்டும் வாழும் வீட்டில் ஒழுகும் ஓட்டை மாற்ற அந்த விதிகளோடு உதவித்தொகையும் வேண்டும் என்று அங்கே சொல்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை. அரசு செய்ய வேண்டும்.

அதோடு இன்னொன்றும். தெருக்களில் நான் இரண்டு முறை அங்குலம் அங்குலமாக நடந்தேன். கோயிலின் வரலாறு சொல்லும் கல்லைப் பார்த்தேன். 1924-ஐப் பற்றி ஒரு சொல்லும் என் கண்ணில் படவில்லை. பாரம்பரியம் என்று சுவரையும் தூணையும் காப்பவர்கள், அந்தச் சுவர்களுக்கு நடுவே நடக்க முயன்று அடிபட்டவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விசுவநாதர் கோயில் வாசலில் 1425-க்கு ஒரு கல் நிற்கிறது. தேர்முட்டியில் 1924-க்கு ஒரு கல் நடுங்கள். கிராமத்துக்காரர்களே முன்னின்று நடுங்கள். தேருக்காக உலகம் முழுவதிலுமிருந்து வரும் உங்கள் பேரப்பிள்ளைகள் அதையும் படிக்கட்டும்.